சொன்ன இடத்தில் நிற்கும் மோட்டார்

பழுது என்று சொல்லி என் மேஜைக்குக் கொண்டுவரப்படும் சர்வோ மோட்டார்களில் பத்துக்கு ஏழு பழுதில்லாதவை. கொண்டுவருகிறவர்கள் பெரும்பாலும் சுற்றுவட்டாரக் கல்லூரிப் பிள்ளைகள். சிலர், பள்ளிக்கூடக் கண்காட்சிக்காக அட்டையாலும் ஐஸ்குச்சியாலும் ஒரு கையைச் செய்துவிட்டு, அது சொன்னபடி கேட்கவில்லையே என்று முகம் வாடி வருகிற சிறுவர்கள். "ஐயா, ஆடுது", "ஐயா, துடிக்குது", "ஐயா, சும்மாவே உறுமிக்கிட்டு இருக்கு" என்று மூன்று விதமாகத்தான் நோய் சொல்லப்படும். மோட்டாரைக் கையில் வாங்குவதற்கு முன்பே நான் கேட்கிற முதற்கேள்வி, "இதுக்கு எதிலேருந்து கரெண்டு குடுத்தே, தம்பி?" என்பது. இந்தக் கேள்வியைக் கேட்கக் கற்றுக்கொள்வதற்குள் எத்தனையோ மோட்டார்களை அநாவசியமாகப் பிரித்து, அவற்றில் சிலவற்றை நிஜமாகவே பழுதாக்கியும் இருக்கிறேன் என்பதை ஆரம்பத்திலேயே ஒப்புக்கொண்டுவிடுவது நியாயம்.

காரைக்காலிலிருந்து தரங்கம்பாடிச் சாலையில் வடக்கே வந்து, கோட்டுச்சேரியில் கடல் பக்கமாகத் திரும்பினால் எங்கள் கோட்டுச்சேரிமேடு. வலை காயும் மணலும், வரிசையாய் ஏற்றி நிறுத்திய ஃபைபர் படகுகளும், காற்று திரும்பும் போதெல்லாம் கருவாட்டு வாசனையும் உள்ள மீனவக் கிராமத்துக்கும் ரோபோ என்கிற பேச்சுக்கும் என்ன சம்பந்தம் என்று வெளியூர்க்காரர்கள் கேட்பதுண்டு. என் தகப்பனார் கட்டுமரத்தில் போனவர். எனக்குக் கடல் ஒத்துக்கொள்ளவில்லை. அலையைத் தாண்டியதும் வாந்தி எடுக்கிற பிள்ளையை வைத்துக்கொண்டு மீனவன் என்ன செய்வான்? என்னை 1970களின் இறுதியில் காரைக்காலில் ஒரு ரேடியோ கடையில் வேலை பழகவிட்டார்.

சர்வோ என்கிற சொல்லை நான் முதன்முதலில் சந்தித்தது ரோபோவில் அன்று, வீடியோ டெக்கில். 1982இல் ஆசிய விளையாட்டுப் போட்டியை முன்னிட்டுத் தூர்தர்ஷன் வண்ணத்துக்கு மாறிய பிறகு, சிங்கப்பூரிலிருந்தும் பிரான்ஸிலிருந்தும் விடுமுறைக்கு வந்த எங்கள் பிரதேசத்தார் மூட்டையோடு மூட்டையாக டெக்குகளையும் கொண்டுவந்து இறக்கினார்கள். பிரான்ஸிலிருந்து வந்தவற்றில் ஒரு விநோதம் உண்டு. அந்நாட்டு வண்ண முறையான செகாம் வேறு, நம் நாட்டு முறையான பி.ஏ.எல். வேறு ஆதலால், அங்கே பதிவான கேசட் இங்கே ஓடும்; ஆனால் நிறம் வராது. கல்யாணக் கேசட்டில் கூறைப்புடைவை சாம்பல் நிறமாகத் தெரிவதைக் கண்ட வீட்டுப் பெண்கள், நான்தான் எதையோ கழற்றி எடுத்துக்கொண்டுவிட்டதாக நினைத்தார்கள். அது கிடக்கட்டும். அந்த டெக்கினுள்ளே, படத்தைப் படிக்கிற தலைகளைத் தாங்கிய உருளை விநாடிக்கு 25 சுற்று, நிமிஷத்துக்கு 1500 சுற்று, கூடாமலும் குறையாமலும் சுழல வேண்டும். அதைக் காவல் காக்கிற மின்சுற்றுக்கு டிரம் சர்வோ என்றும், நாடாவை இழுக்கிற தண்டைக் காவல் காக்கிறதற்குக் கேப்ஸ்டன் சர்வோ என்றும் பெயர். உருளை ஒவ்வொரு சுற்றுக்கும் "இதோ வந்துவிட்டேன்" என்று ஒரு துடிப்பை அனுப்பும். மின்சுற்று அதை உண்மையான நேரத்தோடு ஒப்பிட்டு, முந்தினால் இழுத்துப் பிடிக்கும், பிந்தினால் தள்ளிவிடும். ஏவுவது மட்டும் போதாது, ஏவியது நடந்ததா என்று திரும்பிப் பார்க்கவும் வேண்டும் என்கிற தத்துவத்தை நான் புத்தகத்தில் படிக்கவில்லை. படம் கிழிந்து கிழிந்து ஓடிய டெக்குகளின் வயிற்றில் கண்டுகொண்டேன்.

பிற்பாடு தெரியவந்த ஒரு செய்தி, காரைக்கால்காரன் என்கிற முறையில் எனக்கு விசேஷமான சந்தோஷத்தைக் கொடுத்தது. 1739 முதல் 1954 நவம்பர் 1ஆம் தேதி வரை எங்கள் ஊரை ஆண்ட பிரெஞ்சுக்காரர்களின் பாஷையிலிருந்து எங்களிடம் தங்கிப்போன சொற்கள் சிலவே. கொம்யூன் பஞ்சாயத்து என்கிறோம், பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வூதியம் வாங்கியவரைச் சொல்தா என்கிறோம். சர்வோ மோட்டார் என்பதும் அவர்களுடைய சொல்தான். ஜோசப் ஃபார்கோ என்கிற பிரெஞ்சு எஞ்சினியர், 1873இல் வெளியான தம் நூலுக்கு அந்தப் பெயரையே இட்டார். அடிமை என்று பொருள்படும் லத்தீன் வேர்ச்சொல்லிலிருந்து அமைத்த பெயர் அது. அவர் பேசிய மோட்டார் மின்சாரத்தில் ஓடுவதன்று, நீராவியில் ஓடுவது. அது செய்த வேலையோ கப்பலின் சுக்கானைத் திருப்புவது. பெரிய நீராவிக் கப்பல்களின் சுக்கானைத் திருப்பப் பல ஆட்கள் சக்கரத்தில் தொங்க வேண்டியிருந்த காலத்தில், ஒருவன் லேசாகக் கைப்பிடியை அசைத்தால் நீராவி வால்வு திறந்து, பிஸ்டன் சுக்கானைத் தள்ளி, சுக்கான் உரிய கோணத்துக்கு வந்து சேர்ந்ததும் அதன் அசைவே அந்த வால்வை மூடிவிடும்படியாக ஓர் அமைப்பை அவர் விவரித்தார். போய்ச் சேர்ந்த இடத்தைத் தானே அறிந்து, தன் வேகத்தைத் தானே நிறுத்திக்கொள்கிற அடிமை! கடற்கரைக் கிராமத்தில் சர்வோவுக்கு என்ன வேலை என்று கேட்கிறவர்களுக்கு, அது பிறந்ததே கடலில்தான் என்று பதில் சொல்லிக்கொண்டிருக்கிறேன். காரைக்காலில் வானிலைத் துறை வைத்திருக்கும் டாப்ளர் ராடாரின் ஆன்டெனா, வானத்தைச் சுற்றிச் சுற்றிப் பார்க்கையில் சொன்ன ஏற்றக்கோணத்தில் நிற்பதும் இதே சூத்திரத்தால்தான்.

2010இல் புதுச்சேரிக்கென்று தொடங்கப்பட்ட தேசியத் தொழில்நுட்பக் கழகம் பிறகு பக்கத்திலுள்ள திருவேட்டக்குடியில் நிலைகொண்டது. அதற்கு முன்னும் பின்னுமாக இந்த வட்டாரத்தில் கல்லூரிகள் பெருகின. டெக்குகளைக் குறுந்தகடு விழுங்கி, குறுந்தகட்டைக் கைபேசி விழுங்கி, நான் மின்விசிறிக் காயில் கட்டிக்கொண்டிருந்த ஒரு நாளில், நீல நிறத்தில் தீப்பெட்டியைவிடச் சிறிய ஒரு பெட்டியை ஒரு பையன் என் முன் வைத்தான். எஸ்.ஜி. 90 என்று பெயர். எடை 9 கிராம். நான்கு திருகுகளைக் கழற்றிப் பார்த்தேன். கொட்டைப்பாக்கு அளவில் ஒரு மோட்டார். அதன் ஓட்டத்தை மட்டுப்படுத்திப் பலமாக்குகிற நைலான் பல்சக்கரங்கள். கடைசிச் சக்கரத்தின் அடியிலே, நான் ஆயிரக்கணக்கில் ரேடியோக்களில் மாற்றிய வால்யூம் கண்ட்ரோலின் பேரப்பிள்ளை போன்ற ஒரு சின்னப் பொட்டென்ஷியோமீட்டர். ஒரு விரல் நுனி அளவு சுற்றுப்பலகை. பழைய சிநேகிதனை வேறு ஊரில் வேறு வேஷத்தில் பார்த்த மாதிரி இருந்தது. பழுப்பு வயர் கிரவுண்டு, சிவப்பு வயர் மின்சாரம், ஆரஞ்சு வயர் கட்டளை. 20 மில்லிசெகண்டுக்கு ஒரு முறை ஒரு துடிப்பு வரும். அந்தத் துடிப்பின் அகலம் 1 மில்லிசெகண்டானால் ஒரு பக்கம், 2 ஆனால் மறுபக்கம், ஒன்றரை ஆனால் நடுவில் நிற்க வேண்டும். அச்சோடு சுழலும் பொட்டென்ஷியோமீட்டர் "நான் இங்கே இருக்கிறேன்" என்று சொல்லும். பலகை, வந்த துடிப்பையும் அதன் வாக்கையும் ஒப்பிட்டு, வித்தியாசம் தீரும்வரை மோட்டாரை ஓட்டும். இவ்வளவுதான் விஷயம்.

இவ்வளவுதான் என்று சொல்வது சுலபம். அதை நம்பகமாக வேலைசெய்ய வைப்பதில்தான் தொழில் இருக்கிறது.

ஒரு சமயம், பெயர் சொல்ல வேண்டாத ஒரு கல்லூரியிலிருந்து நான்கு மாணவர்கள் ஆறு கால் பூச்சி ஒன்றைச் செய்து எடுத்துவந்தார்கள். காலுக்கு 3 வீதம் 18 மோட்டார், எல்லாம் எம்.ஜி. 996 ஆர் என்கிற உலோகப் பல் ரகம். மறுநாளைக்கு மறுநாள் அவர்களுக்குப் போட்டி. சுவிட்சைப் போட்டதும் பூச்சி எழுந்திருக்க முயன்று, நடுங்கி, பொத்தென்று உட்கார்ந்து, மறுபடி எழ முயன்று, மறுபடி உட்கார்ந்து, சாமி வந்தவர் போல ஆடிக்கொண்டிருந்தது. மென்பொருளில் கோளாறு என்று மூன்று இரவு தூங்காமல் நிரலைத் திருத்தியிருக்கிறார்கள்; பிறகு, மோட்டார் போலி என்று முடிவுகட்டி என்னிடம் வந்தார்கள். நான் என் கேள்வியைக் கேட்டேன். கைபேசிக்கு வைக்கிற மாதிரி 5 வோல்ட், 2 ஆம்பியர் எலிமினேட்டர் ஒன்றைக் காட்டினார்கள்.

அந்த ரக மோட்டார் ஒன்று, தூக்க முடியாத பாரத்தில் முட்டி நின்றால் 6 வோல்ட்டில் சுமார் இரண்டரை ஆம்பியர் இழுக்கும். பதினெட்டும் ஒரே சமயத்தில் முட்டுவதில்லை என்பது வாஸ்தவம். முட்டினால் 45 ஆம்பியர். ஆனால் ஸ்தம்பித்து நிற்கிற மோட்டார் எவ்வளவு இழுக்குமோ ஏறக்குறைய அவ்வளவையே, நிற்கிற நிலையிலிருந்து புறப்படுகிற மோட்டாரும் அந்த முதற்கணத்தில் கேட்கும். சுவிட்சைப் போட்ட மாத்திரத்தில் பதினெட்டும் ஒருசேரக் கையேந்த, எலிமினேட்டர் சோர்ந்து வோல்ட் விழுகிறது. வோல்ட் விழுந்ததும் கட்டளையிடுகிற ஆர்டுயினோ மயங்கி, விழித்து, முதலிலிருந்து தன் நிரலைத் தொடங்குகிறது. தொடங்கியதும் "எல்லோரும் எழுந்திருங்கள்" என்று உத்தரவு போடுகிறது. மறுபடி அதே கையேந்தல். பூச்சிக்கு வந்தது சாமியும் இல்லை, நோயும் இல்லை, பசி. இதை அந்தப் பிள்ளைகளுக்கு விளக்க நான் பட்ட பாடு கொஞ்சமன்று. ஏனெனில் மீட்டரை வைத்துப் பார்த்தால் அது 5 வோல்ட் என்றே காட்டுகிறது. கண் இமைக்கிற நேரத்து வீழ்ச்சியைச் சாதாரண மீட்டர் பார்ப்பதற்குள் அது நடந்து முடிந்துவிடும்.

அந்த எலிமினேட்டரை ஒதுக்கிவிட்டு, அதிக வோல்ட்டுள்ள பலமான ஊட்டம் ஒன்றை எடுத்து, மோட்டார்களை ஆறு ஆறாக மூன்று கூட்டமாகப் பிரித்து, ஒவ்வொரு கூட்டத்துக்கும் தனித்தனி மின்மாற்றுப் பலகை வைத்து 6 வோல்ட்டுக்கு இறக்கினோம்; தலைமுடி போன்ற ஜம்பர் வயர்களைத் தூக்கி எறிந்துவிட்டுத் தடித்த வயர் இழுத்து, ஒவ்வொரு கூட்டத்தின் வாசலிலும் 1000 மைக்ரோஃபாரட் கண்டென்சர் ஒன்றை, வாசற்படியில் வைத்த தண்ணீர்க்குடம் போல வைத்தோம். ஆர்டுயினோவுக்குத் தனி ஊட்டம். நிரலில் ஒரே ஒரு மாற்றம்: எல்லாக் கால்களும் ஒருசேர எழாமல், ஒன்றன்பின் ஒன்றாக, கால் விநாடி இடைவெளியில் எழ வேண்டும். பூச்சி எழுந்து நின்றது. போட்டியில் வென்றதா என்று கேட்காதீர்கள். நடந்து முடித்தது, விழவில்லை.

தனித்தனி ஊட்டம் கொடுக்கிறவர்கள் செய்கிற ஒரு தவற்றை நானே செய்து ஒரு பகல் முழுவதையும் தொலைத்திருக்கிறேன். மோட்டாருக்கு ஒரு பாட்டரி, பலகைக்கு வேறு பாட்டரி என்று பிரித்துவிட்டு, இரண்டின் கிரவுண்டுகளையும் ஒன்றாக இணைக்க மறந்துவிட்டேன். கட்டளை என்பது ஒரு வோல்டேஜ். வோல்டேஜ் என்பது இரண்டு இடங்களுக்கு நடுவிலுள்ள உயர வித்தியாசம். எந்தத் தரையிலிருந்து அளக்கிறோம் என்பதில் இருவருக்கும் உடன்பாடில்லாவிட்டால், அனுப்புகிறவன் சொல்வது ஒன்று, கேட்கிறவன் காதில் விழுவது வேறொன்று. அன்று அந்த மோட்டார் போட்ட கூத்தைப் பார்த்து, முப்பது வருஷம் சால்டரிங் பிடித்த நான் அதன் பலகையை மாற்றிவிட்டேன். பிறகுதான் கண்ணில் பட்டது. வெட்கத்தால் வெகு நாள் இதை யாரிடமும் சொல்லவில்லை.

ஊட்டம் சரியான பிறகும் ஆடுகிற மோட்டார்தான் கவனிப்புக்குரியது. அதை எடுத்துக்கொண்டு நான் செய்கிற முதற்காரியம் அதன் நடுவைக் கண்டுபிடிப்பது. 1500 மைக்ரோசெகண்ட் என்று எழுதியிருக்கும் நடு, ஒரே பெட்டியில் வந்த இரண்டு மோட்டார்களில்கூட ஒன்றாக இருப்பதில்லை. எம்.ஜி. 996 ஆர் ரகத்தில் அச்சின் தலையில் 25 பல். அதில் மாட்டுகிற ஹாரன் என்கிற கைக்கொம்பை ஒரு பல் தள்ளி மாட்டினால் 14.4 பாகை மாறிவிடும். ஆகவே, எவ்வளவு ஜாக்கிரதையாக மாட்டினாலும் ஏழு பாகை வரை கோணல் தங்கவே செய்யும். மிச்சத்தை நிரலில்தான் நேர்செய்ய வேண்டும். ஒவ்வொரு மோட்டாரின் முதுகிலும், அதன் நடு எத்தனை, இடக்கோடி எத்தனை, வலக்கோடி எத்தனை என்று மைக்ரோசெகண்டில் அளந்து, வெள்ளை ஒட்டுத்தாளில் எழுதி ஒட்டிவிடுவேன். பிள்ளைகள் இதைக் கண்டு சிரிப்பார்கள். ஜாதகம் கணித்திருக்கிறார் ஐயா என்பார்கள். ஆனால் அந்தக் கோடிகளை அறியாமல், "180 பாகைக்குப் போ" என்று உத்தரவிட்டு, 172இலேயே உள்ளிருக்கும் தடுப்பில் முட்டிக்கொண்டு நிற்கிற மோட்டாரை வைத்துக்கொண்டுதான் "சும்மாவே உறுமுது" என்று வருகிறார்கள். அது சும்மா உறுமவில்லை; போக முடியாத இடத்துக்குப் போகும்படி ஏவப்பட்டு, கணந்தோறும் முயன்று சூடேறிக்கொண்டிருக்கிறது. அரைமணி நேரம் அப்படியே விட்டால் காயில் கருகினாலும் கருகும்.

துல்லியத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. எம்.ஜி. 996 ஆர் ரகத்தில் 5 மைக்ரோசெகண்டுக்குக் குறைந்த வித்தியாசத்தை மோட்டார் கண்டுகொள்ளாது. ஆயிரம் மைக்ரோசெகண்டுக்கு 90 பாகை என்றால் அது ஏறக்குறைய அரைப் பாகை. 20 சென்டிமீட்டர் நீளக் கையின் நுனியில் அது ஒன்றரை மில்லிமீட்டர். பல்சக்கரங்களுக்கு நடுவே உள்ள தளர்வையும் சேர்த்தால் இன்னும் அதிகம். இதை வைத்துக்கொண்டு ஊசியில் நூல் கோக்கிற ரோபோ செய்ய வேண்டும் என்று வருகிறவர்களிடம், விலையுயர்ந்த மோட்டார் வாங்குங்கள் அல்லது ஆசையைக் குறையுங்கள் என்று சொல்லிவிடுவேன்.

பெட்டியின்மேல் அச்சிட்டிருக்கும் பலத்தை நான் நம்புவதில்லை. எம்.ஜி. 996 ஆர் என்கிற பெயரை யார் வேண்டுமானாலும் ஒட்டி விற்கிறார்கள். சென்னை ரிச்சி தெருவில் வாங்கினாலும் சரி, தபாலில் வரவழைத்தாலும் சரி, உள்ளே இருப்பது பெட்டியைத் திறந்தபின்தான் தெரியும். என் பரீட்சைக்கு உபகரணம் ஒரு தண்ணீர்ப் பாட்டில். ஹாரனில் ஒரு மரச்சட்டத்தைத் திருகி, அச்சிலிருந்து சரியாகப் 10 சென்டிமீட்டரில் 1 லிட்டர் தண்ணீரைத் தொங்கவிட்டால் பாரம் 10 கிலோ-சென்டிமீட்டர். 6 வோல்ட்டில் 11 தூக்கும் என்று எழுதியிருக்கிற மோட்டார் இதைத் திணறியாவது தூக்க வேண்டும். தூக்கியவையும் உண்டு, அரை லிட்டருக்கே உறுமியவையும் உண்டு. தூக்கினாலும் அந்தப் பலத்தில் மூன்றில் ஒரு பங்குக்குமேல் அன்றாட வேலைக்கு எடுத்துக்கொள்ளக்கூடாது என்பது என் அபிப்பிராயம். அரைக்கிலோ பொருளை 20 சென்டிமீட்டர் கையின் நுனியில் பிடித்தால் அதுவே 10 ஆகிவிடுகிறது. கை 200 கிராம் எடையுள்ளதாக இருந்தால் அதன் பாரம் நடுவில் விழுந்து இன்னும் 2 சேர்கிறது. கணக்குப் பார்க்காமல் கையை நீளமாகச் செய்துவிட்டு மோட்டாரைக் குறை கூறி என்ன பிரயோஜனம்?

இதற்குப் பெரிய மோட்டார் வாங்குவது ஒரு வழி. நான் செய்வது வேறு. கிணற்றடியில் துலா வைத்து நீர் இறைத்தவர்கள் மறுமுனையில் ஏன் கல்லைக் கட்டினார்கள் என்று ஒரு பையனிடம் கேட்டேன். துலாவையே அவன் பார்த்ததில்லை. ஆகவே சைக்கிள் டியூபை விரல் அகலத்துக்கு அறுத்து, கையின் மேற்பகுதிக்கும் தோளுக்குமாக இழுத்துக் கட்டிக் காட்டினேன். கையின் சொந்த எடையை டியூப் தாங்கிக்கொள்ள, மோட்டாருக்குப் பொருளின் எடை மட்டுமே மிஞ்சியது. அரை மணி நேரத்தில் தொடமுடியாத சூடேறிக்கொண்டிருந்த மோட்டார், அதன்பிறகு மாலைவரை கைச்சூட்டுக்குமேல் போகவில்லை. ரப்பர் சில மாதத்தில் தளரும், மாற்றிக்கொள்ள வேண்டியதுதான். டியூப் என்ன விலை, மோட்டார் என்ன விலை?

இனி, மோட்டாரையே மாற்றியமைக்கிற வேலை. எல்லோரும் முதலில் கேட்பது, அரைவட்டத்தில் நிற்கிற மோட்டாரை முழுவட்டமும் சுற்றும்படி செய்து தரச் சொல்லித்தான். கடைசிச் சக்கரத்தில் துருத்திக்கொண்டிருக்கும் தடுப்புக் குமிழைச் சீவிவிட்டு, பொட்டென்ஷியோமீட்டரை எடுத்துவிட்டு, அதன் ஸ்தானத்தில் சமமான இரண்டு ரெசிஸ்டர்களை, 2.2 கிலோ ஓம் வீதம், பற்றவைத்தால் முடிந்தது. தான் எப்போதும் நடுவிலேயே இருப்பதாகப் பலகை நம்பிக்கொண்டு, ஒரு பக்கமாக ஏவினால் சுற்றிக்கொண்டே இருக்கும். நூற்றுக்கணக்கில் செய்து கொடுத்திருக்கிறேன். ஆனால் மனம் ஒப்பிச் செய்ததில்லை. எங்கே இருக்கிறேன் என்று அறிகிற கண் ஒன்றைத்தான் சர்வோ மற்ற மோட்டார்களைவிட அதிகமாகப் பெற்றிருக்கிறது. அந்தக் கண்ணைப் பிடுங்கிவிட்டுச் சக்கரம் மாட்டுவதானால், பல்சக்கரப் பெட்டியோடு வருகிற சாதாரண மோட்டாரை வாங்குவது சிலாக்கியம், மலிவும்கூட.

நான் மனம் ஒப்பிச் செய்கிற மாற்றம் இதற்கு நேர் எதிரானது: நான்காவது வயர். பொட்டென்ஷியோமீட்டரின் நடுக்காலில் மெல்லிய வயர் ஒன்றைப் பற்றவைத்து வெளியே கொண்டுவந்துவிட்டால், மோட்டாருக்குள்ளே மட்டும் தெரிந்திருந்த "நான் இங்கே இருக்கிறேன்" என்கிற வாக்கு நமக்கும் கேட்கத் தொடங்கும். இதன் அருமையை எனக்கு உணர்த்தியது ஓர் இறால் குட்டை. உறவுக்காரர் ஒருவர், குட்டையில் தீவனம் போடுவதற்கு இராத்திரி எழுந்திருக்க முடியவில்லை என்று, வேளாவேளைக்கு மூடி திறந்து மூடுகிற டப்பா ஒன்று செய்து தரச் சொன்னார். செய்தேன். பத்து நாள் ஒழுங்காக நடந்தது. பதினோராம் நாள் ஈரத்தில் ஊறிய தீவனக் கட்டி ஒன்று மூடியின் இடுக்கில் மாட்டிக்கொள்ள, மூட முடியாமல் மோட்டார் இரவெல்லாம் உறுமி, விடியற்காலையில் கருகிப்போயிற்று. "மாமா, ஒங்க மிஷினு கருவாடு ஆயிப்போச்சு" என்று அவருடைய மகள் வந்து சொன்னாள். அடுத்த மோட்டாருக்கு நான்காவது வயர் வைத்தேன். மூடு என்று சொல்லி ஒரு விநாடி ஆன பிறகும் மூடவில்லை என்று அந்த வயர் சொன்னால், திரும்பத் திறந்து, உதறி, மறுபடி மூட வேண்டும். மூன்று தடவை முயன்றும் மூடாவிட்டால் கட்டளைத் துடிப்பையே நிறுத்திவிட்டு மணியடிக்க வேண்டும். துடிப்பு நின்றால் இந்தச் சாதாரண ரக மோட்டார்கள் கை தளர்ந்து ஓய்ந்துவிடும். விலையுயர்ந்த டிஜிட்டல் ரகங்களில் சில அப்படியே பிடித்துக்கொண்டு நிற்கும் ஆதலால் அங்கே மின்சாரத்தையே துண்டிக்க வேண்டியிருக்கும். பலம் மிகுந்த மோட்டார் வாங்கியிருந்தால் அது கட்டியை நசுக்கியிருக்கும் என்று ஒருவர் சொன்னார். ஒரு நாள் நசுக்கும். மறுநாள் மூடியை உடைக்கும்.

பல்சக்கரங்களைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. பிரிக்கிறபோது ஒரு வெள்ளைத் துணியின்மேல் வரிசை மாறாமல் வைக்க வேண்டும். பழைய மசகைப் பெட்ரோலில் கழுவி, புதிதாக லித்தியம் கிரீஸ் பாக்குத் துணுக்களவு தடவினால் போதும். தையல் மிஷின் எண்ணெய் விடுகிறவர்கள் இருக்கிறார்கள். அது இளகி வழிந்து பொட்டென்ஷியோமீட்டரின் கரிப்பாதையில் இறங்கி, நன்றாயிருந்த மோட்டாரைத் துடிக்க வைத்துவிடும். ஹாரனைப் பிடிக்கிற நடுத்திருகைப் போடாமலே ஓட்டுகிறவர்களுக்கு நான் சொல்வதற்கு ஒன்றுமில்லை. போட்ட திருகு அதிர்வில் கழலாமலிருக்க வீட்டுப் பெண்களின் நகப்பூச்சில் ஒரு துளி வைப்பேன். தேவையானபோது கழற்றவும் வரும்.

எங்கள் ஊரில் மோட்டாருக்குப் பெரிய சத்துரு பாரமன்று, உப்புக்காற்று. கொண்டல் வீசுகிற மாதங்களில் சாயங்காலம் துடைத்து வைத்த கண்ணாடி காலையில் பிசுபிசுக்கும். வெளியூரில் வருஷக்கணக்கில் உழைக்கிற இணைப்பு முள் இங்கே ஒரு மழைக்காலத்தில் பச்சைக் களிம்பு பூத்துவிடுகிறது. 2004 டிசம்பர் 26ஆம் தேதி காலையில் கடல் வந்துபோனதைப் பற்றி இங்கே எழுதப்போவதில்லை. ஊர் இழந்ததற்கு முன்னால் என் கடை போனது ஒரு கணக்கே அல்ல. ஆனால் தொழிலைப் பொறுத்தமட்டில் அந்த நாட்கள் ஒன்றைக் கற்பித்தன. சேற்றிலிருந்து எடுத்த சாமான்களில், உடனே நல்ல தண்ணீரில் அலசிக் காயவைத்தவை பிழைத்தன. தண்ணீர் பட்டதைத் தண்ணீரிலேயே கழுவுவதா என்று அப்படியே வெயிலில் வைத்தவை உப்புப் பூத்துச் செத்தன. இன்றும் கடல்நீரில் விழுந்த சர்வோவோடு யாராவது வந்தால், முதலில் அதைப் பிரித்து நல்ல தண்ணீரில்தான் போடுகிறேன், அவர்கள் பதறுவார்கள். கடற்கரையில் வேலை செய்யப்போகிற மோட்டாரானால், பலகைக்கு இரண்டு பூச்சு வார்னிஷ், இணைப்பு முட்களுக்கு வேஸ்லின், மூடியின் விளிம்பில் மெல்லிய சிலிகான் பசை. அச்சு வெளிவருகிற துவாரத்தை மட்டும் பசையால் அடைக்க முடியாது. அங்கே ஒரு ரப்பர் வளையமும் கொஞ்சம் கிரீஸும் வைத்து, ஆறு மாதத்துக்கு ஒருமுறை திறந்து பார்க்கச் சொல்லி அனுப்புவேன். பார்க்கிறவர்கள் குறைவு.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். படகுகள் கரையேறிவிட்டால் எங்கள் தெருப் பையன்கள் சிலர் என் திண்ணைக்கு வந்துவிடுகிறார்கள். எஞ்சினைப் பிரித்துப் பழகிய கைகள் ஆதலால் பல்சக்கரத்தின் பாஷை அவர்களுக்கு உடனே பிடிபடுகிறது. கல்லூரிப் பிள்ளைகளுக்கு நிரலின் பாஷை. இரு திறத்தாரையும் ஒரே மேஜையில் உட்காரவைத்தால் என் வேலை பாதியாகக் குறைகிறது. சென்ற தடைக்காலத்தில் நான்காவது வயரைப் பற்றவைக்கிற வேலை முழுவதையும் அவர்களே பார்த்துக்கொண்டார்கள்; என் கண்ணுக்கு அந்த நடுக்கால் இப்போது சரியாகத் தெரிவதில்லை.

கடைசியாக, என்னைத் தேடி வருகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். மோட்டாரை மட்டும் கழற்றித் தாளில் பொட்டலம் கட்டிக் கொண்டுவராதீர்கள்; அதற்கு மின்சாரம் கொடுத்த எலிமினேட்டர், பாட்டரி எதுவானாலும், இடையிலிருந்த வயர்களையும் சேர்த்து, இருந்தது இருந்தபடி எடுத்து வாருங்கள்.